மாமனார் தந்த மினுங்கும் ரிம்

திற்பரப்பிலிருந்து தக்கலைச் சந்தைக்குச் சைக்கிளில் வாழைக்குலை கொண்டுபோய் விற்பது என் தொழில். மலைப்பாதையில் பாரம் தாங்கத் தடித்த டயர்தான் போடுவேன். ரிம்மும் அதற்கேற்ற அகலத்தில் கனமாக இருந்தது. பார்வைக்குத்தான் கறுத்துக் கிடந்தது.

ஓணத்துக்கு வந்த மாமனாருக்கு அந்தக் கறுப்புப் பிடிக்கவில்லை. நாகர்கோவில் போய், மினுங்கும் ரிம் போட்ட இரண்டு புதுச் சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

"ரிம் ஒடுக்கமாட்டு இருக்கே மாமா, தடிச்ச டயர் இதுல நிக்காதே" என்றேன்.

"மொகம் தெரியுது பாரும் மருமவனே! இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

மாமனார் தந்த சீரை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் எந்த மருமகனுக்கு வாய் உண்டு? மனைவியும் முறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, என் தடித்த டயரையே அதில் ஏற்றி மாட்டினேன்.

மறுவாரமே குலசேகரம் பக்கத்து இறக்கத்தில், ஒரு வளைவில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. நானும் குலைகளும் நடுரோட்டில் விழுந்தோம். எதிரே, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி பஸ் ஒன்று வந்தது. நல்லவேளை, ஏற்றத்தில் அது மூச்சுவாங்கி ஊர்ந்ததால் டிரைவரால் நிறுத்த முடிந்தது. முழங்கை கிழிந்ததோடு பிழைத்தேன்.

சேதி கேட்டு ஓடிவந்த மாமனார் என் கைக்கட்டைப் பார்க்கவே இல்லை. "ரிம்முக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்!

இப்போதெல்லாம் ரிம் வாங்குவதென்றால் தடித்த டயரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குகிறேன். மாமனார் வரும் நாளில் மட்டும் மினுங்கும் சக்கரங்களை மாட்டிச் சைக்கிளை வாசலில் நிறுத்துவேன். அன்று சந்தைக்குப் போவதில்லை. அவர் ரிம்மில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போகிறார்.