ஒழுங்காகக் கசிய வேண்டிய பட்டை

என் அண்ணன் தன் வலது கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாத ஆளே எங்கள் பக்கத்தில் இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அவனுக்குப் பஞ்சர் கடை. டியூபில் போட்ட ஒட்டு காய்கிற நேரத்தில், நிற்கும் வாடிக்கையாளரிடம் முழங்கைக்கு மேலே புடைத்து நெளியும் நரம்பைக் காட்டி, "கைய வெச்சுப் பாரு, வண்டி ஓடுது" என்பான். வைத்தவர்கள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்வார்கள். சைலண்டில் போட்ட போன் விடாமல் அடிப்பதுபோலத் தோலுக்கு அடியில் விர்ரென்று அதிரும்.

அது டயாலிசிஸுக்காகச் செய்த ஏற்பாடு. அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பச் சாதாரண நரம்பு தாங்காது என்பதால், கையில் ஒரு தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்துவிடுவார்கள். தமனியின் வேகம் பாய்ந்து பாய்ந்து சிரை தடித்து, ஊசி தாங்கும்படி ஆகிவிடும். அந்த வேகம்தான் கையில் தெரிகிற அதிர்வு. அதிர்வு நின்றுவிட்டால் அந்த இணைப்பு போயிற்று என்று பொருள்.

இடது கை அப்படித்தான் போனது. ஊசியை உருவியதும் அந்த ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ரத்தம் கொட்டும். கூடினால் உள்ளே ஓட்டம் நின்று உறைந்துவிடும். நர்ஸ் விரலால் அழுத்தி, ரத்தம் நின்றதும் பஞ்சை வைத்துக் கட்டி, "கொஞ்ச நேரத்துல அவுத்துடுங்க" என்று சொல்லி அனுப்புவார். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுச் செங்கல்பட்டில் பஸ் ஏறுவான். டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்துபோட்ட துணி. ஜன்னல் சீட்டில் காற்றுப் பட்டால் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் தூங்கிவிடுவான். ஒருமுறை வழியில் ரத்தம் வந்து சட்டை பாழானதால், அடுத்தமுறை கட்டை அவனே இன்னும் இறுக்கிக்கொண்டான். பஸ்ஸிலும் தூங்கினான், வீட்டுக்கு வந்தும் தூங்கினான். எழுந்து அவிழ்த்தபோது கையில் ஓட்டம் இல்லை.

அதற்குப் பிறகு கழுத்தில் குழாய், அடிக்கடி குளிர்காய்ச்சல், கடைக்குப் பூட்டு. வெகுநாள் கழித்து வலது கையில் புதிதாக இணைத்தார்கள். "இதுவும் போச்சுன்னா உங்களுக்கு வேற இடம் தேடறது ரொம்பக் கஷ்டம்" என்று டாக்டர் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடை போட்டதால்தான் நான் பொறியியல் படித்தேன். அந்தக் கையைப் பற்றி எனக்கு இருந்த பயத்தை நான் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வேலை நாவலூரில். ரத்தக்குழாய்க்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்களையும், சிகிச்சை முடிந்ததும் அந்த ஓட்டையை அடைக்கும் சாதனங்களையும் வடிவமைக்கிற சின்ன நிறுவனம். அழுத்திப் பிடிக்கும் கவ்விகளும் பட்டைகளும் சந்தையில் ஏற்கெனவே உண்டு. ஒன்றை ஒன்று விஞ்சி இறுக்கிப் பிடிக்கும். எனக்குப் புரியாமல் இருந்தது வேறு. பிடிப்பதற்கு இத்தனை சாமர்த்தியம் இருக்கிறது. விடுகிற வேலையை மட்டும் ஏன் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற நோயாளியிடம் ஒப்படைக்கிறோம்?

அலாரம் வைக்கலாம் என்றார்கள் ஆபீஸில். என் அண்ணன் போனில் அலாரம் அடித்தால் பக்கத்து சீட்டுக்காரர்தான் எழுந்துகொள்வார். டயாலிசிஸ் நாட்களில் அவன் பஸ் ஏறிய பிறகு நானே போன் போட்டு, தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருப்பேன். அதுவரை நான் கண்டுபிடித்திருந்த ஒரே சாதனம் அதுதான்.

ஒருநாள் எனக்கே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கையில் சுற்றிய பட்டை காற்றேறி இறுகி, பிறகு ஸ்ஸ் என்று தானே தளர்ந்தது. எத்தனையோ முறை பார்த்த விஷயம். அன்றைக்கு அந்த ஸ்ஸ் மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை. காற்றால் அழுத்துகிற ஒரு பட்டை, மெல்ல மெல்லக் கசிந்து, தூங்குகிறவனை எழுப்பாமல் தானே தளர்ந்துவிட்டால் என்ன?

நாங்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது என் கணவருக்குப் புரையேறிவிட்டது. அவருக்குத் திருச்சிப் பக்கம். அணுமின் நிலையத்தில் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. கண்ணுக்கே தெரியாத கசிவைக் கண்டுபிடித்துவிட்டு வந்தால் அன்று வீட்டுக்கு இனிப்பு வரும்.

"நான் பொழுதன்னைக்கும் கசியக்கூடாதுன்னு பாடுபடறேன். நீ கசியணும்னு பாடுபடப் போறியா?" என்றார்.

"சும்மா கசிஞ்சா போதாதுங்க. ஒழுங்கா கசியணும்."

அவர் தட்டை நகர்த்திவிட்டு யோசித்தார். "அது ரொம்பக் கஷ்டம். கசிவுக்கு ஒழுக்கம் கிடையாது. ஒண்ணு நிக்கும், இல்ல பெருசாகும்."

அவர் சொன்னதுதான் நடந்தது. மாதிரிப் பட்டையில் ஊசியால் போட்ட துளை ஒருநாள் ஒருவிதமாகக் கசிந்தது. கடற்கரைக் காற்றின் ஈரத்திலும் தூசியிலும் மறுநாள் அடைத்துக்கொண்டது. ஆய்வகத்தில் ரப்பர்க் குழாய்க்குள் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரை ஓடவிட்டு ஒரு பொய்க் கை செய்து வைத்திருந்தேன். என் பட்டைகளில் பாதி அந்தக் கையைக் கொன்றன. மீதி ரத்தக்களறி ஆக்கின. வீட்டில் சிடுசிடுவென்று இருந்தேன். தோசை கருகியது என்று சொன்னவரிடம் சண்டைக்குப் போனேன்.

வழி பிறந்தது மாமல்லபுரம் தாண்டி, சாலையோரத்து இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றில். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒவ்வொரு தொட்டியிலும் காற்றுக் குழாயின் நுனியில் ஒரு சாம்பல் நிறக் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் உடம்பெல்லாம் பொடிப்பொடிக் குமிழி. துளை ஒன்று இருந்தால் அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை இருந்தால் சில அடைத்தாலும் மற்றவை பார்த்துக்கொள்ளும். பேச வந்த விஷயத்தை மறந்து, உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கைப்பையில் இறால் வாடை போக வெகுநாள் ஆனது.

அந்தக் கல் மிகவும் தாராளமாகக் கசிந்தது. ஆனால் அதே குணத்தில் இன்னும் நெருக்கமான துளைகள் கொண்ட பீங்கான் துணுக்கை வரவழைத்துப் பொருத்தியபோது, பட்டை நான் கேட்டபடி தளர்ந்தது. மறுநாளும் அப்படியே. பொய்க் கையில் ரத்தமும் வெளியே வரவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை. என் கணவர் தன் முறைப்படி அதைச் சோதித்துவிட்டு, "இவ்வளவு ஒழுக்கமான கசிவை நான் பார்த்ததில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது கொக்கி. ஒரு கையில் பட்டை இருக்கும்போது மற்றொரு கையால் மட்டும் அதைத் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மாதிரி ஒன்றை அண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். "மேஜைக் காலுல மாட்டிக் கொக்கிய மட்டும் தொறந்து பாரு. கையில போடாத" என்றேன். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி தராமல் அது எந்த மனிதர் தோலிலும் படக்கூடாது. வந்த பிறகும், கண்டுபிடித்தவளின் சொந்தக்காரர் பரிசோதனையில் சேரக்கூடாது என்பது எங்கள் விதி.

"ஊருக்கெல்லாம் பெல்ட்டு, உங்க அண்ணனுக்கு மட்டும் துணிக்கட்டா?" என்றான்.

"ரூல்ஸுண்ணா."

"சர்த்தான் போ. எப்டி வேல செய்யும், அதையாவது சொல்லு."

"காத்தடிச்சா புடிச்சுக்கும். அப்பறம் தானா லூசாவும்" என்றேன். அவன் ம் கொட்டினான். பாவம், தங்கச்சி பொருளில் குறை இருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்.

அடுத்த டயாலிசிஸ் நாளில், வழக்கம்போல ஆபீஸிலிருந்து போன் போட்டேன். "எங்க கீற?"

"திருக்கழுக்குன்றம் தாண்டிகினு கீறேன். பாப்பா, உன் பெல்ட்டு சூப்பரு."

"எந்த பெல்ட்டு?"

"நீ குடுத்துட்டுப் போனது தான். கடையில தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தேன். ஒரு ஓரத்துல பொடிப்பொடியா முட்ட வுடுது. நீதான் சொன்னியே, தானா லூசாவுதுன்னு. பேட்ச் வெச்சு அடச்சிட்டேன். இன்னிக்கு பஸ்ஸாண்ட வரும்போது கட்டு லேசா நனஞ்சிச்சு, அது மேலயே போட்டுகினேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். என் ஆண்டி பஸ்ஸில் உட்கார்ந்து பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். ஆபீஸில் நான் பேசுகிற தமிழ் வேறு. அன்று எல்லாருக்கும் நடுவில் வாயில் வந்தது எங்கள் தெருத் தமிழ்.

"அவுறு. இப்பவே அவுறு. ரத்தம் வந்தா வெரல வெச்சு லேசா அமுக்கிக்க. மொதல்ல அவுறு."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையால் திறந்துவிட்டான்.

"இப்போ உள்ளங்கைய மேல வை. ஓடுதா?"

 அவன் குரல் சின்னதாகிவிட்டது. "தெரியல பாப்பா. பஸ்ஸே ஆடிகினு கீது. எது பஸ்ஸு, எது கையின்னு தெரியல."

ஓட்டம் நின்றிருந்தால் அவன் வீட்டுக்கு வரக்கூடாது. உடனே செங்கல்பட்டுக்குத் திரும்பினால்தான் மீட்க வழி உண்டு. கண்டக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"இன்னாம்மா மேட்டரு?" என்றது ஒரு சலித்த குரல்.

"அண்ணாத்த, எங்க அண்ணன் கையில ரத்தம் ஓடுதா, நின்னுடுச்சான்னு தெரியணும். இன்ஜின் ஆட்டத்துல தெரியல. ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. நின்னுடுச்சுன்னா அவரு திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

விசில் கேட்டது. பஸ் ஓரங்கட்டும் சத்தம், டிரைவர் ஏதோ திட்டும் சத்தம், பிறகு இன்ஜின் நின்றது. ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை அதட்டினார்கள். "அந்த நரம்பு மேல போனை வைங்க" என்றேன்.

துணி உரசியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. என் காதை போனோடு வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு சாமியையும் விடாமல் கும்பிட்டேன். மெல்ல, ரொம்ப ஆழத்தில், உஷ், உஷ் என்று வந்தது. நின்று, திரும்ப வந்தது. நாலாவது உஷ்ஷுக்குள் அது எனக்குப் பழகிய சத்தமாகிவிட்டது.

"கேக்குதாம்மா?" என்றார் கண்டக்டர். குரலில் சலிப்பு இல்லை.

"கேக்குது."

"அப்போ வண்டிய எடுக்கலாமா?"

எடுங்கள் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதற்குள் அண்ணன் போனை வாங்கிவிட்டான். "அழுவுறியா பாப்பா? லீக்க அடச்சது தப்பா?"

"அந்த லீக்கு தாண்ணா நான் செஞ்ச பொருளு. மத்ததெல்லாம் வெறும் பெல்ட்டு."

அவன் அதை யோசித்தான். "லீக்காவுறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றான். நான் அழுதுகொண்டே அவனைத் திட்டினேன். பஸ் கிளம்பியது.

இப்போது பட்டைக்கு அனுமதி கிடைத்து, ஆஸ்பத்திரியில் பரிசோதனை நடக்கிறது. பீங்கான் துணுக்கை யார் விரலும் எட்டாத உள்மடிப்பில் வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு விதிப்படி இன்னும் துணிக்கட்டுதான். டயாலிசிஸ் நாளில், பஸ்ஸை விட்டு இறங்கியதும் கட்டை அவிழ்த்துவிட்டு அவனே என்னைக் கூப்பிடுகிறான். எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. முதலில் போனைக் கைமேல் வைக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் நான் பேசத் தொடங்குகிறேன்.