வாய் தேய்ந்த புனிதருக்கு ஒரு பிராது

போன செவ்வாய்க்கிழமை காலை. விருத்தாசலம் பாலக்கரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய அமலோற்பவம் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஸ்பெயினுக்கு மறுபடி எப்ப போவ?"

திட்டக்குடிக்கு எப்போது போவாய் என்பதுபோலக் கேட்டார். நான் என்ன, வாராவாரம் ஸ்பெயினுக்குப் போய் வருகிறவனா? எதற்கு என்றேன்.

"பிராத வாபஸ் வாங்கணும்."

டீ கிளாஸைப் பாதியிலேயே கீழே வைத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மணவாளநல்லூரில் ஒரு முருகன் கோயில். யாராவது அநியாயம் செய்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதுபோலவே அங்கே சாமியிடம் பிராது எழுதிக் கட்டலாம். பெயர், ஊர், யார் மேல் புகார், உங்கள் ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் — எல்லாம் எழுத வேண்டும். காரியம் முடிந்தாலோ, சமாதானம் ஆகிவிட்டாலோ, மறக்காமல் வந்து வாபஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால்? கேஸ் நடந்துகொண்டே இருக்கும். இந்துவோ கிறிஸ்தவரோ, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

ஆனால் அமலோற்பவம் அக்கா பிராது கட்டியது மணவாளநல்லூரில் இல்லை.

என் கதை உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. செராமிக் சூளையில் பொம்மை அடுக்கினேன், லாரியில் போனேன், கப்பலில் சமைத்தேன். எவர் கூப்பிட்டாலும் கிளம்பிவிடும் கால். பத்து மாதத்துக்கு முன்னால் கூப்பிட்டது ஒரு யாத்திரைக் குழு. ஸ்பெயினில் கலீசியா என்ற பகுதி. ஆறு நாள், பழைய கோயில்கள், மடங்கள். அந்த ஊர் ரொட்டியை நம்பி நம் ஜனங்கள் கிளம்ப மாட்டார்களே... இரண்டு ரைஸ் குக்கர், ஒரு டப்பா புளிக்காய்ச்சலோடு நான் சமையல்காரன். அதே குழுவில் அக்காவை அவர் மகள் காசு கட்டி அனுப்பி வைத்திருந்தாள்.

ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்திருந்தேன். அங்கே மழை. விடாத, சத்தமில்லாத மழை. கல்லெல்லாம் பாசி. வழி நெடுகத் தூண்கள் மேல் நிற்கும் நீளமான கல் பெட்டிகள், உச்சியில் சிலுவை. சமாதி என்று நினைத்துப் பஸ்ஸில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சோளம் கொட்டி வைக்கும் பத்தாயம் அது என்று எங்கள் வழிகாட்டி டொமினிக் சொன்னார். நாகர்கோவில்காரர், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டவர். அவர் சொன்ன பிறகும் யாரும் சிலுவை போடுவதை நிறுத்தவில்லை.

நான்காம் நாள் ஒரு மடம். கீழே ஆறு, சுற்றிலும் காடு. ஒரு காலத்தில் சாமியார்கள் நிறைந்து இருந்தார்களாம். இப்போது எட்டுக் கிழவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. எங்கோ உள்ளே பாடுகிற சத்தம் மட்டும் வந்தது. சாவிக்கொத்தோடு ஒரு அம்மா முன்னால் நடந்தார். ஒரு கதவைத் திறப்பார், எங்களை உள்ளே விடுவார், பின்னால் பூட்டுவார். அடுத்த கதவு. திறப்பார், பூட்டுவார். எதற்குப் பூட்டுகிறார்? யாரும் கேட்கவில்லை.

கடைசிக் கதவுக்கு அப்பால் ஒரு முற்றம். மூலையில் திறந்த மழையில் ஒரு கல் புனிதர். அவர் பெயர் சாவிக்கார அம்மாவுக்கே தெரியவில்லை. சூளையில் அதிகம் வெந்து உருகிய பொம்மை போல முகம். கண் இருந்தது. மூக்கில் பாதி இருந்தது. வாய் இருந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, ஒன்றுமில்லாமல்.

அக்காவுக்கு செராமிக் ஷெட்டில் வேலை. கரண்டு போர்டில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கேரியரை விரலால் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குகிற வேலை. அந்தக் கை சும்மா இருக்குமா? புனிதரின் நெஞ்சில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள காலியா இருக்குது தம்பி."

கல் எப்படிக் காலியாக இருக்கும்? நானும் தட்டினேன். இரண்டாம் தரம் தட்டவில்லை.

அப்போதுதான் பிராது எழுதித் தரச் சொன்னார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். புகார், கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அவர் தம்பி பிலவேந்திரன் மேல். அப்பா விட்டுப்போன கிணற்று நிலத்தில் அக்காவுக்குப் பங்கே கிடையாது என்று ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பைபிள் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டார் அவர். ஊரிலேயே எழுதலாமே என்றேன்.

"நம்மூரு சாமிக்கெல்லாம் அவனத் தெரியும். தேரு தூக்கறவன், கொடி ஏத்தறவன். இவுருக்கு அவன் யாருன்னே தெரியாது. நாயமா கேப்பாரு."

சிரித்தபடியே எழுதினேன். பெறுநர் — வாய் தேய்ந்த புனிதர். கிலோமீட்டர் — தெரியாது, பிளேனில் வந்தோம். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் அவர் சொன்னது: "அவன என்னான்னு கேளுங்க சாமி, அவ்ளோதான்."

அவ்வளவுதானா? எனக்கு அது சப்பென்று இருந்தது. பத்தி எழுதுகிறவன் அல்லவா... முடிவு நச்சென்று இருக்க வேண்டாமா? நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'பொய் சொன்ன வாய் இனி ஒரு சொல் பேசாமல் போகட்டும்.'

அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். அவர் தாளை மடித்து, புனிதரைச் சுற்றியிருந்த இரும்புக் கம்பியில் கட்டினார்.

ஊர் திரும்பி நாற்பது நாள் இருக்கும். பிலவேந்திரன் காலையில் பல் தேய்க்கப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்றார் டாக்டர். நானும் அதைத்தான் நம்பினேன். இப்போதும் அதைத்தான் நம்பப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து அமலோற்பவம் அக்காதான் தினமும் போய்க் கஞ்சி ஊட்டுகிறார்.

செவ்வாய்க்கிழமை பாலக்கரையில் நின்று அவர் சொன்னது இதுதான்: "நெலம் போனா போவுது தம்பி. அவன் ஒரு தரம் என்ன அக்கான்னு கூப்புடணும். வாபஸ் வாங்கிக் குடு."

டொமினிக்குக்கு போன் செய்தேன். நல்ல மனிதர், வியாழக்கிழமை அந்த மடத்துக்கே போய்விட்டு அங்கிருந்து பேசினார். கம்பியில் தாள் இல்லையாம். நாங்கள் வந்த மறுநாளே சாவிக்கார அம்மா அதை அவிழ்த்துவிட்டார். மொழி புரியவில்லை, யாரோ ஏழையின் ஜெபம், மழையில் நனையக் கூடாது என்று கோயிலுக்குள் கொண்டுபோய்ப் பீடத்தின் மேல் இருக்கும் கூடையில் போட்டிருக்கிறார்.

"அந்தக் கூடை எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"ஜனங்க எழுதிப் போடுற ஜெபம் எல்லாம் அதுல கெடக்கும். சாமியாருங்க தெனமும் பூசையில அதுமேல கைய வச்சு, இதுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே நடத்தித் தாங்கன்னு வேண்டுவாங்க. பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க."

பத்து மாதம். தினமும். எட்டுக் கிழவர்கள், பிலவேந்திரனை யாரென்றே தெரியாதவர்கள், என் கடைசி வரிக்காக மண்டியிட்டிருக்கிறார்கள்.

அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். எடுக்கக் கூடாதாம். கூடையில் விழுந்ததை யாரும் எடுப்பதில்லை. அடுத்த ஈஸ்டர் இரவில் மூட்டும் நெருப்பில்தான் மொத்தமாகப் போடுவார்கள். வேண்டுமானால் இன்னொரு தாள் போடலாம்.

போட்டோம். அக்கா சொல்ல, நான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பி, டொமினிக் அச்செடுத்துப் போட்டார். இரண்டே வரி. 'பிராதை வாபஸ் வாங்குகிறேன். என் தம்பி பேச வேண்டும்.' இந்தத் தடவை நான் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் முதல் தாளும் அதே கூடையில்தான் இருக்கிறது. தினமும் பூசையில் ஒரே கை இரண்டின் மேலும் படும். எதற்குப் பலம் அதிகம்?

சனிக்கிழமை அக்காவோடு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பிலவேந்திரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் இந்தப் பத்திரிகை. நான் எழுதுகிற இந்தப் பக்கம்.

"ஒன் எழுத்துன்னா உசுரு தம்பி அவனுக்கு. ஒரு வாரம் வுட மாட்டான்" என்றார் அக்கா, தம்பியின் வாயோரம் துடைத்தபடி.

பிலவேந்திரன் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். காற்று மட்டும் வந்தது. எனக்கு அந்த முற்றமும், தட்டியபோது கேட்ட சத்தமும் ஞாபகம் வந்தன. சொல்ல வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா இதைப் படிக்க மாட்டார். படிக்கிறவருக்குச் சொல்கிறேன் — பிலவேந்திரன் அண்ணே, அந்தக் கடைசி வரி உங்கள் அக்கா சொன்னதில்லை... நான் எழுதியது.