வசந்தி அக்காவின் மெத்தை வைத்த நிக்கர்

நேற்று கைப்பேசியில் ஒரு விளம்பரம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான மெத்தை வைத்த நிக்கர். ‘உள்ளாடை வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பேருந்தில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

விஷயத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் வசந்தி அக்கா என்று ஒருவர். நாற்பது தாண்டியவர். செவிலிமேட்டில் எங்கள் தெருவிலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் திருமுக்கூடல் போய்வருவது என்று இருவரும் கிளம்பினோம். முதல் வாரம் பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம். மறுநாள் நாற்காலியில் உட்கார முடியாமல், கோப்பு தேடுகிற சாக்கில் நாள் முழுக்க நின்றேன். அக்காவிடம் அவர் கணவர், “இந்த வயசுல உனக்கு எதுக்குமா இதெல்லாம்?” என்று கேட்டுவிட்டாராம். அது சுருக்கென்று தைத்துவிட்டது.

“நல்ல சாமானா வாங்கிக்கினு, போய்க் காட்டுறேன் பாரு” என்று என்னையும் கடைக்கு இழுத்துப் போனார்.

கடை முழுக்கப் புது டயர் வாசனை. சின்ன வயதில் புது ரப்பர் செருப்பை முகர்ந்து பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்; அந்த வாசனையில் கொஞ்சம் சொக்கித்தான் நின்றேன். அக்கா பட்டுப்புடவை எடுக்கிற தோரணையில் நிக்கரைப் புரட்டி, உள்தையலைக் கட்டைவிரலால் தடவினார்.

“இது தொடைய அறுக்கும். வேற காட்டுப்பா.”

அடுத்ததன் மெத்தையை அழுத்தினார். “பொசுக்குனு அமுங்குது. பாலாறு தாண்டறதுக்குள்ள தட்டையாயிடும்.” கையுறைக்கும் பிரேக் கட்டைக்கும் இதே விசாரணைதான். கடைசியில் ஒரு கறுப்பு நிக்கர் தேறியது.

கடைக்காரர் அதைப் பையில் போடாமல் நெளிந்தார். “அக்கா, அது வந்து... உள்ள...” என்றவர், மனைவிக்குப் போன் போட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு, பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது.

“உள்ள எதுவும் போடக் கூடாதுக்கா! போட்டா உரசிப் புண்ணாயிடும். இவரு வாயத் தொறக்க மாட்டாரு, எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கினு இருக்கிறேன்!”

அந்த ஞாயிறு அக்கா நிக்கருக்கு மேல் சுடிதார் பேண்டும் போட்டுக்கொண்டு வந்தார். அதுவோ வழியெல்லாம் செயினில் மாட்டியது. திருமுக்கூடலில் இளநீர் குடித்துவிட்டு, “இது எதுக்கு மேல ஒண்ணு?” என்று பேண்டைக் கழற்றிக் கூடையில் போட்டார். நிக்கரும் குர்தாவுமாக, பேருந்து நிறுத்தத்துக் கூட்டத்தைத் தாண்டி, மணியடித்துக்கொண்டே ஊருக்குள் வந்தார். தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.

வாசலில் நின்ற கணவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

“முழுசா போய்ட்டு வந்தியா?”

“முழுசா.”

“உக்காரு. காபி போடுறேன்.”

அக்காவும் நானும் இன்றும் போகிறோம். நல்ல நிக்கர் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் ஜோடியாக ஓட்டிக்கொண்டு, மேலாளர் முதல் மாமியார் வரை எல்லோரையும் அலசிக்கொண்டே போவோம். இப்போது லாரிகள் அதற்கு இடம் விடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிறது. முன்னால் அக்கா ஏதோ சொல்லிக்கொண்டு போகிறார். காற்றில் பாதிகூட எனக்குக் கேட்பதில்லை. “ஆமாக்கா” என்று மட்டும் கத்துகிறேன்.