மீன் தொட்டிக்கிட்ட பொண்ணு பார்த்த கதை

பொண்ணு பார்க்க வீட்டுக்கு வந்துட்டு வேணாம்னு போனா, மறுநாள் தோட்டத்து லய வீடுங்க முழுக்க அதே பேச்சா இருக்கும். அதனால எங்க பக்கத்துல தரகர் ஒரு வேலை செய்வாரு. ரெண்டு வீட்டுக்காரங்களையும் எங்கேயாவது பொது இடத்துக்கு வரச் சொல்லி, "அட, நீங்களும் வந்திருக்கீங்களா?"ன்னு ஆச்சரியப்பட வைப்பாரு. என் தங்கச்சிக்கு அவர் பிடிச்ச இடம், பதுளை டவுன்ல போட்டிருந்த மீன் காட்சி.

மாப்பிள்ளை டவுன்ல ஃபார்மசியில வேலை. போன்ல இருந்த அவர் போட்டோவை என் தங்கச்சி பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிடுச்சு, ஆளு விழுந்துட்டா. ஆனா அவங்க பரம்பரை டவுன் குடும்பம், தோட்டத்துப் பொண்ணுன்னா யோசிப்பாங்கன்னு தரகர் சொன்னாரு. நான் சும்மா இருப்பேனா? மடுல்சீமைத் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுக்குறவளை, பாலர் பாடசாலை டீச்சர்னு அடிச்சு விட்டுட்டேன். "மாட்டிக்குவோம் அக்கா"ன்னு பஸ்ஸுல வழியெல்லாம் அனத்துனா. வாயை மூடிட்டு வாடின்னு அதட்டிக் கூட்டிட்டுப் போனேன்.

காட்சி அருமைங்க. ஒரு குண்டு மீன் கண்ணாடிக்கிட்ட வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு, அப்படியே காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேர் கூப்பிடுற எங்க கணக்கப்பிள்ளைதான். விலாங்கு ஒண்ணு குழாய்க்குள்ள உடம்பை ஒளிச்சுட்டு தலையை மட்டும் நீட்டி வேடிக்கை பார்த்துச்சு. எங்க தரகரும் ஒரு தூணுக்குப் பின்னால அப்படித்தான் நின்னாரு.

மாப்பிள்ளையோட அம்மா தங்க பிரேம் கண்ணாடி, பட்டுச் சேலை. "எங்களுக்கு இந்தத் தோட்டம், கீட்டமெல்லாம் பழக்கமே இல்ல"ன்னு மூணு தடவை சொல்லிட்டாங்க. தங்கச்சி கையைச் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டா. விரல் நுனியில கொழுந்துக் கறை.

கடைசியில ஒரு தாழ்வான தொட்டி. தொட்டுப் பார்க்கலாம்னாங்க. மாப்பிள்ளைக்கு வீரம் காட்ட ஆசை. அடியில கறுப்பா, கொழுகொழுன்னு, முழங்கை நீளத்துக்குக் கிடந்த ஒண்ணைத் தூக்கி மணிக்கட்டு மேல வச்சுக்கிட்டு சிரிச்சாரு.

"ஐயோ, அட்டை! இழுக்காதீங்க! இழுத்தா பல்லு உள்ளயே நின்னுரும்!"

என் தங்கச்சிதான். நான் தடுக்கிறதுக்குள்ள கைப்பையில இருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரிச்சு அவர் கை மேல அப்பிட்டா. காலையில மழைக்குள்ள மலையிறங்கி பஸ்ஸுக்கு வர்றப்ப அட்டைக்குன்னு கொண்டு வந்த உப்பு. காவலுக்கு நின்னவர் ஓடி வந்து, "அதைத் தொட்டியில போடுங்க! அது கடலட்டை! உப்புத் தண்ணியிலயே கிடக்குற சீவன், இந்த உப்பு அதை என்ன செய்யும்?"னு கத்துறாரு.

சோலி முடிஞ்சுதுன்னு நினைச்சேன். எந்த ஊரு டீச்சர் உப்புப் பொட்டலத்தோட திரிவா? என் தங்கச்சி வாழ்க்கையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன். மெதுவா அந்த அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவங்க ஒரு காலைத் தூக்கி பெஞ்சு மேல வச்சு, பட்டுச் சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் சுருட்டிட்டு, கால் விரலை ஒண்ணொண்ணா விரிச்சு இடுக்குல அட்டை இருக்கான்னு தேடிக்கிட்டு இருந்தாங்க.

அதைப் பார்த்த பிறகு என் வாய் சும்மா இருக்குமா?

"எந்தத் தோட்டம்ங்க?"ன்னேன்.

அவங்க சேலையை மெல்ல இறக்கி விட்டாங்க. "பூனாகலை"ன்னாங்க. அப்புறம் என் தங்கச்சி கையைப் பிடிச்சு இழுத்து, விரல் நுனியைத் தடவிப் பார்த்தாங்க. "இதை ஏம்மா ஒளிக்கிற? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வர்றோம்"னாங்க. பொய் சொன்ன எனக்கு அந்த எடத்துலயே வெக்கமாப் போச்சு.

எங்களை விடத் திகைச்சு நின்னது மாப்பிள்ளைதான். கையில உப்போட, அம்மாவையே பார்த்தாரு.

"நீங்க கொழுந்து எடுத்தீங்களாம்மா?"

"ஆமாடா. உன்னை வயித்துல வச்சுக்கிட்டும் எடுத்தேன்."