கொழுவுகிற வேலை

சின்னக் காரின் பின்னால் சின்ன ட்ரெயிலரைக் கொழுவி அனுப்புவது சும்மா வேலை என்று நினைப்பவர்கள், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் யார்டுக்கு வந்து பார்க்கட்டும்.

யார்ட், ஊரை விட்டு வந்த எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற அஜின்கோர்ட்டில் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, மடிக்கிற மேசை எல்லாம் உள்ளே வைத்த காம்பிங் ட்ரெயிலர்களை வாடகைக்கு விடுகிறோம். எனக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன்; ஏன் என்று கேட்காதீர்கள், வீட்டில் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள். இந்த வேலை போனால் திரும்பப் பள்ளிக்கூடம் என்பதுதான் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு. நீங்களும் ஆட்களைப் பார்த்துச் சிரித்துச் சம்பளம் எடுக்கிறவர் என்றால், மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

ஆர் கொழுவினது?

என் முதல் கிழமை. நிலத்தில் படுத்து, காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் குண்டில் ட்ரெயிலரின் வாயைப் பூட்டி, இரண்டு சங்கிலியையும் குறுக்காகப் போட்டு, லைட் வயரைச் செருகிவிட்டு எழும்பினேன். கை முழுக்கக் கிறீஸ். காரின் சொந்தக்காரர் என்னைத் தாண்டி ஒஃபிஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், உள்ளேயிருந்து வேறு யாரோ வரப்போகிற மாதிரி. ஒருவரும் வரவில்லை. "அங்கிள், பிறேக்கை மிதியுங்கோ" என்றேன். மிதித்தார், பின்னால் லைட் பத்தியது. சிக்னலும் பத்தியது.

எங்கள் தாளில் கடைசியாக "கொழுவினவர் கையெழுத்து" என்று ஒரு கோடு இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெயரை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, நீர் வடிவாத்தான் செய்திருக்கிறீர். எண்டாலும் உள்ளுக்கை ஆம்பிளை ஆரும் நிண்டா, ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுமன்."

எத்தினை சிலிண்டர்?

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் நாலு சிலிண்டர் வண்டிதான். பிழையில்லை. காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற பாரத்துக்குள் நின்றால் சின்ன ட்ரெயிலரை அது இழுக்கும். ஆனால் எல்லாரும் "இழுக்குமோ?" என்றுதான் கேட்கிறார்கள். நிற்குமோ என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏற்றத்தில் ஏறாவிட்டால் வெட்கத்தோடு போயிற்று. இறக்கத்தில் நிற்காவிட்டால் முன்னால் போகிற காரில் இருப்பவனுக்கும் சேர்த்து ஆபத்து.

ஒரு அங்கிளுக்கு எங்களிடம் இருப்பதிலேயே பெரியது வேண்டும். அவருடைய புத்தகத்தையே விரித்துக் காட்டினேன். "ஊரில வயல் உழுகிற லான்மாஸ்டருக்கு எத்தினை சிலிண்டர்? ஒண்டு! அது பெட்டி நிறைய நெல்லு மூட்டை இழுக்கேல்லையே?" என்றார். "அது ஹைவேயில நூறில போகாது அங்கிள்" என்றேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. சத்தம் கேட்டு முதலாளி குகன் அங்கிள் வெளியே வந்து, அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து ஆற்றி, சின்ன ட்ரெயிலரோடு அனுப்பிவைத்தார். எங்கள் ஆட்கள் சண்டை பிடிப்பதையும் கொழுவுவது என்றுதான் சொல்வார்கள். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நீர் ட்ரெயிலரைக் கொழுவும், ஆக்களோட கொழுவாதையும். இன்னொருக்கா நடந்தா வீட்டை போகலாம்."

மச்சம் பின்னுக்கு

டோர்செட் பார்க்கில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ட்ரெயிலரைக் கொண்டுபோய் நிறுத்த இடமில்லை. அதனால் சாமானை யார்டுக்கே கொண்டுவந்து ஏற்றுவார்கள். லோங் வீக்கென்டுக்கு முதல் வெள்ளி யோகன் அங்கிளும் அவர் மனைவி சாந்தி அன்ரியும் அப்படித்தான் வந்தார்கள். நாலு சிலிண்டர் வண்டி, பின்சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஊர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்ததால் அன்ரி மச்சம், அதுதான் இறைச்சி மீன், தொடுவதில்லை. அவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, அதெல்லாம் ட்ரெயிலரின் முன்பக்கம். மற்றவர்களுக்கு ஆட்டிறைச்சி, கோழி, மீன், ஐஸ் அடைத்த இரண்டு பெரிய பெட்டி, இரும்புச் சட்டிகள். அதெல்லாம் எவ்வளவு தூரம் தள்ளலாமோ அவ்வளவு பின்னுக்கு, கடைசிச் சுவரோடு.

ட்ரெயிலருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டை நாக்கு என்போம். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது அந்த நாக்கில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேகத்தில் ட்ரெயிலர் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து ஆட்டும். தராசை வைத்துப் பார்த்தேன். வரவேண்டியதில் அரைவாசிதான் வந்தது. "அன்ரி, உந்தப் பெட்டியளை முன்னுக்கு வைப்பமோ?" என்று கேட்டேன். "அங்கை என்ர சட்டியெல்லாம் இருக்குப் பிள்ளை" என்றார். ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் ஐந்து கார் காத்து நின்றது. குகன் அங்கிள் கண்ணாடிக்குள்ளால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கார் நகரத் தொடங்கியதும் மனம் கேட்கவில்லை. ஓடிப்போய் யன்னலில் தட்டி, "அங்கிள், ஆடினா பிறேக்கை அமத்தாதேங்கோ, காஸ் பெடல்ல இருந்து காலை எடுங்கோ" என்றேன். யோகன் அங்கிள் சிரித்தார்.

"பதினைஞ்சு வருசம் ஆக்களை ஏத்தி ரக்சி ஓடினனான் பிள்ளை, என்ர கார் ஆடாது."

போன் வரவில்லை

அவர்கள் போய் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் என் மூளைக்கு வந்தது. மச்சத்தை முன்னுக்கும் அன்ரியின் சட்டிகளைப் பின்னுக்கும் மாற்றியிருந்தால் போதும். விரதமும் தப்பியிருக்கும், நாக்கும் கனத்திருக்கும். இரண்டு நிமிச வேலை. உடனே யோகன் அங்கிளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். பிறகு போனே போகவில்லை.

சனிக்கிழமை அம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் யார்ட் வாசலுக்கு ஓடினேன். அவர்கள் போனது வடக்கே, அங்கே விபத்து என்றால் அம்புலன்ஸ் ஏன் எங்கள் பக்கத்து ஷெப்பர்ட் ரோட்டால் போகிறது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பத்து நிமிசத்துக்கு ஒருதரம் ஹைவே செய்தி பார்த்தேன். ட்ரெயிலர் கழுவுகிற ஜெறோம் அண்ணாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். பைப்பை நிற்பாட்டிவிட்டு வடிவாக யோசித்தார்.

"ஏதும் நடந்திருந்தா முதல் போன் இஞ்சைதான் வரும். வரேல்லை எண்டா ஒண்டில் எல்லாரும் சுகமா இருக்கினம், ஒண்டில் போனும் நொருங்கிட்டுது."

திங்கட்கிழமை

பன்னிரண்டு மணிக்கு ட்ரெயிலர் திரும்பியிருக்க வேண்டும். ஒரு மணியாகியும் இல்லை, இரண்டு மணியாகியும் இல்லை. இரண்டரைக்கு, நாலு லைட்டும் மின்ன மின்ன, ஊர்ந்துகொண்டு உள்ளே வந்தார்கள். நான் ட்ரெயிலரைப் பார்க்கவில்லை, தலைகளைத்தான் எண்ணினேன். நாலு.

சாந்தி அன்ரி முதலில் இறங்கினார். ஹைவேயில் ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று பக்கத்தால் போக, ட்ரெயிலர் ஆடத் தொடங்கியதாம். இரண்டு லேனையும் எடுத்து ஆடியதாம். பிள்ளைகள் கத்த, அங்கிள் காலை எடுத்து, ஒருமாதிரி ரோட்டுக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அன்ரியே இறங்கி, மச்சப் பெட்டிகளை முன்னுக்கு இழுத்து, தன் சட்டிகளைப் பின்னுக்கு வைத்தாராம். அதற்குப் பிறகு ஆடவில்லை. ஆனாலும் போக வர எண்பதைத் தாண்டவில்லை. யோகன் அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை. நான் "சொறி அன்ரி" என்றேன். அன்ரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஆடினா காலை எடுங்கோ எண்டு ஓடிவந்து சொன்னனீர். அப்ப ஆடும் எண்டு உமக்குத் தெரியும். எனக்கு விளங்கிற மாதிரி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் என்ன உம்மைக் கடிச்சிருப்பனோ?"

இப்போது எல்லாருக்கும் விளங்குகிற மாதிரித்தான் சொல்கிறேன். போன கிழமை மட்டும் மூன்று பேர் குகன் அங்கிளிடம் முறைப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள், என்னை வீட்டை போகச் சொல்லி அவர் இன்னும் சொல்லவில்லை; பாரத்தை முன்னுக்கு மாற்றமாட்டேன் என்று நாலாவது ஆள் வெளியே கத்திக்கொண்டு நிற்க, அவருடைய ட்ரெயிலர்ப் பூட்டின் திறப்பைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.