பங்களா மீன் தொட்டியில் கேட்ட சத்தம்

கோர்ட்டில் ஏற்றிக் கேட்டாலும் இதை இப்படியேதான் சொல்வேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 1951 ஜூன் மாதம். மலாயாவில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், பெயர் வேண்டாம். அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் எங்கள் லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி. நான் சிவசாமி. தோட்டத்தில் தண்ணீர் பம்பும் குழாயும் என் பொறுப்பு.

முதல் வாரத் திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு வீரமுத்து பால் எடுக்க மரம் சீவப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய சீவுகத்தியையும் காணோம். அது போதாதா? கத்தியோடு காட்டுக்குள் போய்விட்டான் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி தனபாலன் போலீசுக்கு எழுதி அனுப்பிவிட்டார். யாரும் தேடக்கூடப் போகவில்லை. பதினைந்து நாளில் ஆள் வராவிட்டால் மனைவி இருசம்மாளையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். இருசம்மாள் இங்கேயே அலோர் காஜாவில் பிறந்தவள். இந்தியா எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"அண்ணே, நீங்க தோட்டம் பூரா சுத்துறவங்க. ஒரு சத்தம் கேட்டாக்கூட வந்து சொல்லுங்கண்ணே," என்றாள்.

"சொல்றேம்மா," என்றேன்.

கிராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன் குரல கேட்டேன்னு எவனாச்சும் சொன்னா, எங்க கேட்ட, எத்தன நாளா சோறு கொண்டு போய்க் குடுத்தேன்னு ஸ்டேஷன்ல கேப்பாங்க. வாய மூடிக்கிட்டு இருலா."

எனக்கும் குடும்பம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டார். பின்பக்க வராந்தாவில் எட்டடிக்கு எட்டடி மீன் தொட்டி. மூன்று பக்கம் சிமெண்டு, முன்பக்கம் தடித்த கண்ணாடி. ஆற்று மீன் வளர்த்தார். இடது மூலையில் குப்பை சேர்ந்துகொண்டே இருக்கிறது, அதைப் போக்க வழி செய் என்றார். பார்த்தவுடனே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் நடுவில் நேராக விழுந்தது. அதனால் மூலைகளில் ஓட்டமே இல்லை. தேத்தண்ணியைக் கரண்டியால் சுற்றினால் தூள் எல்லாம் நடுவில் வந்து சேரும் அல்லவா, அதே கணக்குதான். குழாயை வளைத்துச் சுவரோரமாகத் தண்ணீரை விட்டால் தொட்டி முழுக்கச் சுற்றும். தரை நடுவில் ஒரு வடிகால் ஓட்டை போட்டால் குப்பை தானாக வெளியே போய்விடும்.

வேலையை ஆரம்பித்தேன். மத்தியானம் சரியாக 2.20. தொரை தூக்கம். வீடே அமைதி.

டொக்... டொக்... டொக்...

கல்லில் இரும்பு தட்டுகிற சத்தம். தொட்டிக்குள்ளிருந்து வந்தது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று வால்வை மூடினேன். தண்ணீர் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

வியாழன், 2.20. அதே சத்தம். மூலையில் சேர்ந்த குப்பையைக் கையில் அள்ளிப் பார்த்தேன். ரப்பர் இலை, செங்கல் தூள், கருத்த சேறு. தொட்டியில் செங்கல் கிடையாது. மலையிலிருந்து வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதில் சேறு ஏது?

சனிக்கிழமை தண்ணீரைச் சுற்ற விட்டேன். மீன் மலம், செத்த பாசி, எல்லாம் நடுவுக்குப் போனது. அந்தச் சேறு மட்டும் ஓட்டத்தை எதிர்த்து இடது மூலைக்கே திரும்பியது. மீன்கள் எல்லாம் வலது பக்கம் ஒதுங்கி நின்றன.

திங்கள். கண்ணாடியில் படிந்த பாசியில் ஐந்து விரல் இழுத்த தடம்.

உள்பக்கத்தில்.

லயத்துக்குத் திரும்பியபோது இருசம்மாள் வாசலில் நின்றாள். "ஏதாச்சும் கேட்டுச்சாண்ணே?"

"இல்லம்மா."

பொய்.

மறுநாள் செவ்வாய். வீரமுத்து காணாமல் போய் ஒன்பதாம் நாள். வேலையை இன்றோடு முடித்துவிட வேண்டும். வால்வை முழுக்கத் திறந்தேன். தண்ணீர் வேகமாகச் சுற்றியது.

2.20.

டொக்...

மெதுவாக. ஒரே ஒரு தடவை.

மூலைச் சேறு கலங்கியது. ஒரு குமிழி. இன்னொன்று...

"சிவசாமிண்ணே..."

பதினோரு வருடம் பக்கத்துச் சுவரில் கேட்ட குரல்.

"அண்ணே... தூக்கி விடுங்கண்ணே..."

பேய் என்றுதான் நினைத்தேன். கிராணி சொன்ன ஸ்டேஷனும் ஞாபகம் வந்தது. எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வடிகால் அடைப்பைப் பிடுங்கினேன்.

சேறு சுழன்றது. நடுவுக்கு வந்தது. போய்விட்டது.

சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. தொட்டி பளிச்சென்று இருந்தது. தொரை என் தோளில் தட்டிக் கொடுத்து, தோட்டத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்றார். ஆறு நாள் கழித்துக் கெடு முடிந்தது. இருசம்மாளையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றினார்கள். சின்னவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் குழாயைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

1953இல், அவசரகாலம் தொடங்கியதும் ஆட்களைக் காலி செய்த நாலாம் பிரிவில் புதுக்கன்று நட்டார்கள். பங்களாவிலிருந்து மூன்று மைல். அங்கே பாழடைந்த செங்கல் கிணறு ஒன்று. தண்ணீர் இறைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். இடுப்பளவு தண்ணீர்தான். இறைத்து முடித்ததும் அடியில் எலும்புகள், ஒரு சீவுகத்தி, தகர டப்பாவுக்குள் வீரமுத்துவின் அடையாள அட்டை. காலியான அந்த லயத்தில் எதையோ எடுக்கப் போய்த் தவறி விழுந்திருக்கிறான். அந்தக் கிணற்றுக்கும் பங்களாவுக்கும் குழாய் கிடையாது. இருந்தால் போட்டவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

நான் கீழே இறங்கிப் பார்த்தேன். நெஞ்சு உயரத்தில், கிணற்றுச் சுவரில் கத்தியால் கீறிய கோடுகள். நாளுக்கு ஒன்றாக, வரிசையாகக் கீறியிருந்தான்.

எண்ணினேன். ஒன்பது.

அவன் கூப்பிட்டபோது உயிரோடுதான் இருந்தான்.