கிராதியின் ஆறாவது இடம்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் கதிரையை விட்டு எழுந்து போகிறவன் நான். கட்டடப் பொறியியல் படித்தவன். கையெழுத்திட்ட எந்த அறிக்கையையும் நாற்பது வருட உத்தியோகத்தில் நான் மீளப் பெற்றதில்லை. இதை எழுதுவதால் என் பெயருக்கு எந்தப் பெருமையும் சேரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் நம்பாவிட்டாலும் குறை சொல்லமாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

புலம்பெயர்ந்த எங்கள் சனம் அடுக்குமாடிகளில் வாழும் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் தமிழ்த் திருப்பலி காணும் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டியது. கூரிய வளைவுகள், நிறக்கண்ணாடிகளில் பச்சை அங்கி அணிந்த ஐரிஷ் புனிதர்கள், தூண்களின் தலைப்பில் செதுக்கிய, அயர்லாந்தின் சின்னமான மூவிலைகள். ஆனால் உள்ளே நுழைந்தால் வேறொரு காலம். ஒரு தலைமுறைக்கு முன் யாரோ சுவர்ச் சித்திரங்களுக்கு மேல் வெள்ளை அடித்து, பின்சுவரோடு நின்ற உயர்ந்த பீடத்தை அகற்றி, எளிய மேசை ஒன்றை வைத்து, சாம்பல் நிறக் கம்பளத்தை விரித்துவிட்டார்கள்.

எனக்கு அதில் குறை தெரியவில்லை. இளமையில் டப்ளினில் இரண்டு வருடம் மேற்படிப்புப் படித்தபோது இரண்டு விதத்தையும் பார்த்திருக்கிறேன். பழைய ஆலயங்களில் பீடம் எட்டாத தூரத்தில் இருக்கும், அதற்கு முன்னால் இடுப்பளவில் பளிங்குக் கிராதி ஒன்று வேலிபோல ஓடும், அதன் ஓரமாக முழந்தாளிட்டுத்தான் சனங்கள் நற்கருணை வாங்குவார்கள். புதியவை விசிறி வடிவில் இருக்கும். பீடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சனம், கொங்கிறீற் கூரையின் கீறல் வழியே வெளிச்சம். எனக்கு இரண்டாவதே பிடித்தது. கடவுளுக்கும் சனத்துக்கும் நடுவில் வேலி எதற்கு?

சென்ற மாசி மாதம் உட்புறத்தைத் திருத்தும் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். பீடத்தை இன்னும் முன்னால் கொண்டுவரவேண்டும் என்றேன் நான். பாடகர் குழுத் தலைவி றெஜினாவோ, ஊரில் இருந்ததுபோலக் கிராதி வேண்டும் என்று நின்றார். ஐரிஷ்காரர் வைத்த கிராதியைப் பிடுங்கியிருப்பார்கள், அதைத் திருப்பி வைப்பதுதான் நியாயம் என்பது அவருடைய வாதம். அப்படியொன்று இங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்றேன். மூல வரைபடத்தில் அது இல்லை, வரைபடம் பொய் சொல்லாது.

“அண்ணைக்கு முழங்கால் மடங்காது. அதுக்காக எங்கட முழங்காலையும் ஏன் பூட்டிவைக்கிறார்?” என்றார் றெஜினா. எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார்.

என் இரண்டு முழங்கால்களிலும் உலோகம் வைத்து ஒன்பது வருடம். முழந்தாளிடக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. தப்பித்தவறி இறங்கிவிட்டால் தூக்கி நிறுத்த இருவர் வேண்டும். அதைப் பகிடியாக்கியது எனக்குச் சுட்டது. ஞாயிறன்று எழுத்தில் அறிக்கை தருகிறேன், பிழையென்று யாராவது காட்டினால் தலைமையை விட்டுவிடுகிறேன் என்று சபையிலேயே சொல்லிவிட்டேன்.

சனி பின்னேரம் மூன்று மணிக்கு அளவெடுக்கப் போனேன். ஆலயத்தைத் திறந்து பூட்டும் அந்தோனி எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் குவிந்திருந்த ஸ்னோவை அள்ளத் தொடங்கினார். மற்றக் கதவுகள் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. நானே இழுத்துப் பார்த்தேன். அந்தோனியைக் கடக்காமல் ஒருவரும் உள்ளே வந்திருக்க முடியாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்சுவரிலிருந்து அளவுநாடாவை இழுத்துக்கொண்டு வந்தேன். கம்பளம் உலர்ந்திருந்தது, அதன் மேல்தானே நடந்தேன். குறிப்புப் புத்தகத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கையில் எனக்குப் பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தமல்ல. ஒரு வரிசை ஆட்கள் கனத்த உடுப்போடு ஒன்றாக முழந்தாளிடும்போது எழும் சத்தம், துணி உரசுவதும் மூட்டுகள் சொடுக்குவதும் கலந்தது. பிறந்த நாள் தொட்டுக் கோயிலுக்குப் போகிறவன் நான், எனக்கு அது வேறெதுவாகவும் கேட்கவில்லை. கூடவே நனைந்த கம்பளியின் மணம்.

திரும்பினேன். யாருமில்லை. நான் கடந்து வந்த கம்பளத்தில், சுவருக்குச் சுவர் நேர்கோட்டில், சோடி சோடியாகக் கறுத்த ஈரத் தடங்கள். பாதத் தடமல்ல, வட்டமானவை. தொட்டேன், பனி கரைந்த குளிர். கூரையை அண்ணாந்து பார்த்தேன், ஒழுக்கு இல்லை. பயந்தவன் செய்வதை நான் செய்யவில்லை, அளந்தேன். கோடு ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. பிறகு எண்ணினேன். பதினொரு சோடி. இடப்பக்கத்திலிருந்து ஐந்தாவதுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மட்டும் ஓர் ஆள் கொள்ளக்கூடிய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது அந்தோனியின் குரல்தான்.

“அண்ணை, ஆர் உள்ளுக்க வந்தது? இஞ்ச பாருங்கோ, கம்பளமெல்லாம் தண்ணி!”

“நீர்தானே வாசலில நிண்டனீர்? ஒருத்தரையும் காணேல்லையோ?”

“ஒரு குருவியும் வரேல்லை, அண்ணை.” அவர் மண்வாரியின் பிடியால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினார். “பன்ரண்டு சோடி.”

“பதினொண்டு” என்றேன்.

“நீங்கள் இஞ்சினியர். நீங்களே எண்ணுங்கோவன்.”

எண்ணினேன். பன்னிரண்டு. வெற்றிடம் இல்லை. அந்தோனி என்னை மேலும் கீழும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணை... உங்கட லோங்ஸ்.”

என் காற்சட்டையின் இரு முழங்கால்களும் நனைந்திருந்தன. நான் யாருடைய உதவியும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று வீட்டில், அளவுகளைத் தவிர மற்றதெல்லாம் முன்கூட்டியே எழுதி முடித்திருந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ‘ஒருநாளும் இருந்ததில்லை’ என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. மறுநாள் சபையில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நான் சொன்னதற்குச் சான்று போதாது, கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றேன்.

“நேற்று வரைக்கும் வரைபடம் பொய் சொல்லாது எண்டவர்!” என்றார் றெஜினா. தலையைக் குனிந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

கம்பளத்தைத் தூக்கினார்கள். நான் அளந்த அதே கோட்டுக்கு ஓரடி முன்னால், துருப்பிடித்த இரும்புக் குற்றிகள் சீமெந்துக்குள் வரிசையாகப் புதைந்திருந்தன. கட்டி முடித்த பிறகு சனங்களாகச் சேர்ந்து வைத்த கிராதியாக இருக்கவேண்டும், அதனால்தான் வரைபடத்தில் இல்லை. தலைமையை விட்டேன். மரத்தில் புதிய கிராதி வந்தது.

ஈரத் தடங்களைப் பற்றி அந்தோனிக்குத் தெரியும். ஆனால் அவர் கண்டது பன்னிரண்டு. நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பற்றி இதை எழுதும் நாள்வரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

கிராதி வந்த முதல் ஞாயிறு, சனங்கள் இடித்துக்கொண்டு போய் முழந்தாளிட்டார்கள். நான் ஓரமாக, நின்றபடியே நற்கருணை வாங்குவதற்காகக் காத்திருந்தேன். ஒரு முனையில் இருந்த றெஜினா தலையைத் திருப்பி, பகிடியே இல்லாத முகத்தோடு கையசைத்தார்.

“வாங்கோ அண்ணை, உங்கட இடம் இருக்கு.”

இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன். ஐவர் இருந்தார்கள். பிறகு ஓர் ஆள் இடைவெளி. பிறகு அறுவர்.

வெளியே செல்லும்போது அவரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர் என்று. தான் வாயே திறக்கவில்லை என்றார். நான் இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன், ஓரமாகத்தான் நிற்கிறேன். எத்தனை சனம் வந்தாலும் அந்த இடத்தில் இதுவரை ஒருவரும் முழந்தாளிட்டதில்லை.